யொக்மொக்: நானூறு ஆண்டுப் பனிச்சந்தை

ஆண்டுதோறும் பிப்ரவரி மாதத்தின் முதல் வியாழக்கிழமை, சுவீடனின் வடபகுதியில் உள்ள யொக்மொக் என்ற சிற்றூரில் சந்தை கூடுகிறது. சனிக்கிழமை வரை மூன்று நாள் நடக்கும். ஊரின் மக்கள்தொகை 3,000 அளவில்தான். அந்த மூன்று நாளில் வந்துபோகிறவர்கள் பல பத்தாயிரம் பேர். ஆர்க்டிக் வட்டம் ஊருக்குத் தெற்கே சில கிலோமீட்டர் தொலைவிலேயே செல்கிறது. பிப்ரவரித் தொடக்கத்தில் அங்கே பகல் ஏழு மணி நேரந்தான். குளிர் பூஜ்யத்துக்குக் கீழே 30 டிகிரிக்கு இறங்குவது வழக்கம். 40ஐ எட்டிய ஆண்டுகளும் உண்டு. இப்படியொரு பருவத்தில், வெட்டவெளியில், கடை விரித்து, பாட்டுப் பாடி, கண்காட்சி வைத்து, ஏரிப் பனியில் பந்தயம் விட்டு மக்கள் கூடுவது நானூறு ஆண்டுகளுக்கு மேலாக நடந்துவருகிறது. இந்தச் சந்தையின் தொடக்க ஆண்டு 1605.

சந்தையின் நாயகர்கள் சாமி மக்கள். நார்வே, சுவீடன், பின்லாந்து ஆகிய நாடுகளின் வடபகுதியும் ரஷ்யாவின் கோலா தீபகற்பமும் சேர்ந்த நிலம் அவர்களுடைய தாயகம். அதை அவர்கள் சாப்மி என்கிறார்கள். நான்கு நாட்டிலும் சேர்த்து ஏறக்குறைய 80,000 முதல் ஒரு லட்சம் பேர் வரை இருப்பார்கள். சாமி என்பது அவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர். தமிழ்ச் சொல்லைப் போல ஒலித்தாலும் இரண்டுக்கும் தொடர்பில்லை. வெளியார் அவர்களுக்கு இட்ட லாப் என்ற பழைய பெயர் இழிசொல்லாகவே கருதப்படுகிறது. அவர்களுடைய மொழிகள் பின்னிய மொழிக்கு உறவானவை. சுவீடிய மொழிக்கோ நார்வே மொழிக்கோ இனமல்ல. யொக்மொக் பகுதியில் பேசப்படுவது லூலே சாமி. ஊர்ப் பெயரே அந்த மொழியிலிருந்து வந்ததுதான்: ஆற்று வளைவு என்று பொருள். இதே இடத்துக்கு டால்வ்வாதிஸ் என்று இன்னொரு பெயரும் உண்டு. அதற்குக் குளிர்காலக் குடியிருப்பு என்று பொருள். சந்தை ஏன் இந்த ஊரில், இந்த மாதத்தில் கூடுகிறது என்பதற்கு அந்தப் பெயரிலேயே பாதி விடை கிடைத்துவிடுகிறது.

மலைச் சாமி மக்களின் வாழ்க்கை பனிமான் மந்தையோடு நகர்வது. ரெயின்டீர் என்று பலரும் அறிந்த இந்த விலங்கு கோடையில் மேற்கே நார்வே எல்லையோரத்து உயர்மலைகளில் மேயும். குளிர்காலத்தில் கிழக்கே உள்ள காடுகளுக்கு இறங்கும். பனிக்கு அடியில் தரையில் படர்ந்திருக்கும் ஒருவகைப் பாசியை முகர்ந்து, குளம்பால் தோண்டித் தின்னும். பிரியாணியில் மணத்துக்குப் போடும் கல்பாசி எந்த உயிரினக் கூட்டத்தைச் சேர்ந்ததோ அதே கூட்டத்தைச் சேர்ந்ததுதான் இதுவும். மந்தைக்குப் பின்னால் குடும்பங்களும் இறங்கிவரும். ஆகவே பிப்ரவரி மாதத்தில், கோடையில் நூறு இருநூறு கிலோமீட்டர் சிதறிக் கிடக்கும் மக்கள், யொக்மொக்கைச் சுற்றியுள்ள காடுகளில் அருகருகே இருப்பார்கள். போக்குவரத்துக்கும் அதுவே நல்ல காலம். கோடையில் சதுப்பும் ஏரியும் கொசுவும் வழிமறிக்கும் நிலம், குளிர்காலத்தில் உறைந்து ஒரே சாலையாகிவிடும். படகு வடிவச் சறுக்குவண்டியில் பனிமானைப் பூட்டினால் ஆற்றின்மேலேயே ஓட்டிப் போகலாம். மென்மயிர்த் தோலும் குளிரில்தான் அடர்ந்து தரமாக இருக்கும். தெற்கே கடற்கரை ஊர்களிலிருந்து வணிகர்கள் உப்பு, மாவு, துணி, இரும்புப் பாத்திரம், வெள்ளி, சாராயம் கொண்டுவருவார்கள். தோல், உலர்ந்த மீன், இறைச்சி வாங்கிப் போவார்கள். அரசாணை பிறப்பதற்கு முன்பே இங்கே கூட்டமும் கொடுக்கல் வாங்கலும் இருந்திருக்கின்றன.

1605ஆம் ஆண்டு ஆணையைப் பிறப்பித்தவர் சுவீடன் மன்னர் ஒன்பதாம் கார்ல். போர்களுக்குப் பணம் தேவைப்பட்டது. வடநிலம் யாருடையது என்று டென்மார்க்கும் ரஷ்யாவும் அவரோடு போட்டியிட்டன. சில பகுதிகளில் ஒரே குடும்பம் மூன்று அரசுகளுக்கும் வரி கட்டவேண்டிய நிலை. நாடோடியாகத் திரியும் மக்களிடம் வரி தண்டுவது எளிதல்ல. குறித்த இடத்தில், குறித்த நாளில் மட்டுமே வணிகம் நடக்கலாம் என்று விதித்துவிட்டால் எல்லோரும் அங்கே வந்தாக வேண்டும். வரியதிகாரி, நீதிபதி, பாதிரியார் மூவரும் அங்கேயே காத்திருப்பார்கள். சந்தைத் திடலையொட்டித் தேவாலயமும் எழுந்தது. வழக்கு விசாரணை, திருமணம், ஞானஸ்நானம், வரி, வியாபாரம் அனைத்தும் ஒரே வாரத்தில் முடிந்தன. கார்ல் மன்னர் தம் பட்டப்பெயர்களில் வடநிலத்து லாப்புகளின் அரசர் என்பதையும் சேர்த்துக்கொண்டார். 1611இல் டென்மார்க்கோடு மூண்ட கால்மார் போருக்கு அதுவும் ஒரு காரணம்.

ஆக, இன்று கலைவிழாவாகக் கொண்டாடப்படும் இந்தச் சந்தை முதலில் ஒரு வலை. அந்த வலையைப் பிடித்திருந்த கை பிற்காலத்தில் இன்னும் இறுகியது. சாமி மக்களின் சமயச் சடங்குக்குரிய பறைகள் பறிக்கப்பட்டு எரிக்கப்பட்டன. மான்தோலின்மேல் ஆல்டர் மரப்பட்டைச் சாயத்தால் மலை, விலங்கு, தெய்வம் என்று வரைந்த அந்தப் பறைகளில் இன்று உலகெங்கும் சேர்த்து எழுபது அளவிலேயே மிஞ்சியுள்ளன. யொக்மொக்கை அடுத்த ஆர்யெப்லூக் பகுதியில் 1693இல் லார்ஸ் நில்சன் என்ற முதியவர் பறையைக் கைவிட மறுத்ததற்காக மரண தண்டனை பெற்று எரிக்கப்பட்டார். குவிக்யொக்கிலும் நாசா மலையிலும் வெள்ளி தோண்டியபோது, தாதுவைச் சுமக்க சாமி மக்களும் அவர்களுடைய மான்களும் கட்டாயப்படுத்தப்பட்டனர். இருபதாம் நூற்றாண்டிலும் நிலைமை மாறவில்லை. 1913ஆம் ஆண்டுச் சட்டம் மேய்ச்சல் குடும்பத்துப் பிள்ளைகளுக்கென்று தனியாக, தரம் குறைந்த பள்ளிகளை ஏற்படுத்தியது. 1922இல் உப்சாலாவில் தொடங்கிய இன உயிரியல் நிறுவனம் அவர்களுடைய மண்டையோட்டை அளந்து அவர்களைத் தாழ்ந்த இனமென்று பதிவு செய்தது.

ஆனால் ஆண்டுக்கொரு முறை எல்லோரையும் ஓரிடத்தில் கூட்டியதில் அரசு எண்ணிப் பாராத விளைவும் இருந்தது. பிரிந்திருந்த உறவுகள் சந்தித்தன. பெண் பார்ப்பதும் மாப்பிள்ளை பார்ப்பதும் நடந்தன. எந்தப் பள்ளத்தாக்கில் மேய்ச்சல் எப்படி, யார் வீட்டில் சாவு என்ற செய்திகள் கைமாறின. வரி கட்டிய கையோடு மக்கள் தங்களுக்குள் பேசவும் தொடங்கினார்கள். வடநாட்டுச் சாமி மக்களின் முதல் பொது மாநாடு 1953இல் கூடியது இதே யொக்மொக்கில்தான். அதன் தொடர்ச்சியாக 1956இல் எல்லை கடந்த சாமி மன்றம் உருவானது. சந்தை நாட்களையொட்டியே சாமி தேசிய நாளும் வருகிறது: பிப்ரவரி 6. எல்சா லவுலா ரென்பெரி என்ற பெண் தலைவரின் முயற்சியால் 1917இல் நார்வேயின் துரோண்ட்ஹெய்ம் நகரில் முதல் சாமி பேரவை கூடிய நாள் அது.

இன்றைய சந்தை வாரத்தைப் பற்றி. முக்கிய மூன்று நாளுக்கு முன்னால் பழங்காலச் சந்தை என்று ஒன்று நடக்கிறது. பழைய உடையில், பழைய சரக்கோடு கடை வைக்கிறார்கள். வியாழன் முதல் ஊரின் தெருக்கள் முழுதும் கடைகள். கம்பளி உறையும் பிளாஸ்டிக் விளக்கும் மிட்டாயும் விற்கும் சாதாரணத் திருவிழாக் கடைகளும் அவற்றில் நிறைய உண்டு. நாள்தோறும் ஒரு மேய்ச்சல் குடும்பம் முழு உடையணிந்து, சறுக்குவண்டி பூட்டிய மான்களைக் கயிற்றால் ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டி, கூட்டத்தின் நடுவே அமைதியாக நடத்திச் செல்லும். முன்பு மலையிலிருந்து காட்டுக்கு வீடு மாறியது இப்படித்தான். ஊரையொட்டிய தால்வாதிஸ் ஏரியின் உறைந்த பரப்பில் மான் பந்தயம் நடக்கிறது. மான் எப்போதும் நேர்கோட்டில் ஓடுவதில்லை. அதுதான் கூட்டத்துக்குக் கொண்டாட்டம். உப்பிட்டுப் புகைபோட்ட மான் இறைச்சியைத் தட்டையான ரொட்டியில் சுருட்டித் தருகிறார்கள். காப்பியில் பாலடைக்கட்டித் துண்டுகளைப் போட்டு ஊறவைத்துக் கரண்டியால் எடுத்துத் தின்பது இப்பகுதியின் வழக்கம்.

சந்தையின் உயிர் துவோஜியில் இருக்கிறது. கைவினை என்று மொழிபெயர்த்தால் பொருள் சுருங்கிவிடும். சுற்றியுள்ள நிலத்திலிருந்து எடுத்த பொருளை, அன்றாடத் தேவைக்காக, தலைமுறை அறிவோடு, அழகாகச் செய்வது துவோஜி. நாடோடி வாழ்க்கையில் ஒவ்வொரு பொருளையும் சுமந்து செல்ல வேண்டும். வெறும் அலங்காரத்துக்கு அங்கே இடமில்லை. இலேசாக, உறுதியாக, குளிரில் கைக்குப் பழுதில்லாமல் இருக்க வேண்டும். அதற்குள் எவ்வளவு அழகு முடியுமோ அவ்வளவும் வேண்டும். இருபதாம் நூற்றாண்டில் வடநாட்டு வடிவமைப்பு என்று உலகம் வியந்த எளிமையும் பயன்பாடும் இங்கே அதற்கு வெகுகாலம் முன்பே நடைமுறையில் இருந்தன.

குக்சி என்ற மரக்கோப்பையை எடுத்துக்கொள்ளலாம். பூர்ச்ச மரத்தின் தண்டில் சில இடங்களில் கட்டி போலப் புடைத்திருக்கும். அந்தப் புடைப்பில் மரத்தின் நார் ஒரே திசையில் ஓடாமல் முறுக்கிப் பின்னிக் கிடப்பதால் எளிதில் பிளக்காது. அதைக் குடைந்து, உப்புநீரில் கொதிக்கவைத்து, மெல்லக் காயவைத்துக் கோப்பையாக்குவார்கள். கைப்பிடியில் மான்கொம்புத் துண்டு பதித்துச் சித்திரம் கீறுவார்கள். இரும்புக் கோப்பை குளிரில் உதட்டில் ஒட்டிக்கொள்ளும், மரக்கோப்பை ஒட்டாது. சூடான காப்பி ஊற்றினாலும் கை சுடாது.

கத்தி இன்னும் நுட்பமானது. உறை மான்கொம்பால் ஆனது. கொம்பின் இயல்பான வளைவையே உறையின் வளைவாக வைத்துக்கொள்வார்கள். அதன்மேல் ஊசிமுனையால் கோடு கீறி, ஆல்டர் மரப்பட்டைத் தூளைத் தேய்த்தால் கோடுகள் செம்பழுப்பாக எழும்பும். தெற்குப் பகுதிக் கைவினைஞர்கள் முக்கோணமும் பின்னலுமாக வடிவக்கணித அலங்காரம் செய்வார்கள். வடக்கே போகப் போகக் கொடியும் பூவும் மானும் வரும். விவரம் தெரிந்தவர் உறையைப் பார்த்தே அது எந்த ஆற்றுப் பகுதியில் செய்தது என்று சொல்லிவிடுவார்.

வெள்ளீய இழை வேலை பெண்களுடையது. வெள்ளீயத்தைக் குச்சியாக வார்த்து, மான்கொம்புத் தகட்டில் துளைத்த துளைகளின் வழியே பல்லால் கடித்து இழுப்பார்கள். ஒவ்வொரு முறையும் அதைவிடச் சிறிய துளை. தலைமயிர் அளவுக்கு மெலிந்ததும் அதை மானின் தசைநாரில் சுற்றினால் வெள்ளி போல் மின்னும் நூல் கிடைக்கும். தோலிலும் துணியிலும் அதைத் தைத்துக் கோலமிடுவார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஏறக்குறைய மறைந்துபோன இந்த வேலை பிறகு மீட்கப்பட்டு, இன்று தோல் கைவளையாக உலகெங்கும் போகிறது.

வேர்ப்பின்னலும் அப்படி மறையவிருந்த ஒன்று. பூர்ச்ச மரத்தின் நீண்ட மெல்லிய வேர்களைத் தோண்டியெடுத்து, தோலுரித்து, ஈரத்தோடு இறுக்கிப் பின்னினால் தண்ணீர் எளிதில் ஒழுகாத அளவுக்கு நெருக்கமான கூடையும் குப்பியும் பாலடைக்கட்டி அச்சும் கிடைக்கும். கடையில் மலிவான பாத்திரம் வந்தபின் இதைச் செய்வாரில்லை. ஆசா கித்தொக் (1894–1986) என்ற பெண்மணி விடாமல் பின்னி, மகள்களுக்கும் கற்பித்து, அடுத்த தலைமுறைக்குக் கொடுத்துவிட்டுப் போனார். ஒரு கலை ஒரே வீட்டு அடுப்படியில் காப்பாற்றப்பட்ட கதை இது. அதே தலைமுறைத் தொடர்ச்சியில் லார்ஸ் பிராக் (1932–2008) வருகிறார். ஓவியரான அவர் கொம்பில் செய்த உப்புக்குப்பி, பனிக்காலத்தில் வெண்மையாகும் டார்மிகன் பறவையின் வடிவில் இருக்கும். அது பலராலும் பின்பற்றப்பட்டு, தனியொரு வகையாகவே நிலைத்துவிட்டது.

உடையும் ஒரு மொழி. நீலமோ கருநீலமோ ஆன கம்பளித் துணியில் சிவப்பு, மஞ்சள் பட்டைகள் வைத்துத் தைக்கும் காக்தி என்ற மேலங்கியின் கழுத்து, ஓரப்பட்டை, இடுப்புக் கச்சை, காலணியில் சுற்றும் நெய்த நாடா ஆகியவற்றைப் பார்த்து அணிந்தவரின் ஊரையும் சில இடங்களில் குடும்பத்தையும் மணமானவரா என்பதையும் அறியலாம். மானின் கால்தோலில் தைத்த காலணிக்குள் காலுறைக்குப் பதில் உலர்ந்த கோரைப்புல்லைத் திணிப்பார்கள். அது ஈரத்தை உறிஞ்சிச் சூட்டைப் பிடித்துவைக்கும். காலணியின் முனை கொக்கி போல மேலே வளைந்திருப்பது அழகுக்கு மட்டுமல்ல, பனிச்சறுக்குக் கட்டையின் வாரில் மாட்டிக்கொள்வதற்கும்தான்.

இத்தகைய பொருளுக்குப் போலியும் பெருகியது. எங்கோ இயந்திரத்தில் செய்த உடையும் கோப்பையும் சாமிப் பொருள் என்று சுற்றுலாக் கடைகளில் விற்கின்றன. அதைத் தடுக்க சாமி மன்றம் 1982இல் துவோஜி முத்திரையைக் கொண்டுவந்தது. சாமி கைவினைஞர் தம் கையால் செய்த பொருளுக்கு மட்டுமே அந்தச் சீட்டு கிடைக்கும். யொக்மொக்கிலேயே உள்ள, 1942இல் தொடங்கிய சாமி கல்வி மையத்தில் துவோஜி, மான் வளர்ப்பு, சாமி மொழிகள் கற்பிக்கப்படுகின்றன. மான்கொம்பை எந்த மாதத்தில் சேகரிப்பது, தோலை எந்தப் பட்டை ஊறிய நீரில் பதப்படுத்துவது என்பது வரை அங்கே பாடம்தான்.

ஊரின் இன்னொரு பெருமை ஆய்த்தே அருங்காட்சியகம். 1989இல் திறக்கப்பட்டது. ஆய்த்தே என்றால் பொருள் சேமித்துவைக்கும் குடில். சுவீடனில் சாமி பண்பாட்டுக்கான தலைமை அருங்காட்சியகம் இதுவே. சந்தை நாட்களில் கண்காட்சியும் சொற்பொழிவும் இங்கே நடக்கும். பழைய தேவாலயமும் பார்க்கத் தக்கது. 1753இல் கட்டிய மரக் கட்டடம் 1972இல் எரிந்துபோக, பழைய வடிவிலேயே 1976இல் திரும்ப எழுப்பினார்கள். அதைச் சுற்றி மரத்தாலான இரட்டை மதில் உண்டு. குளிர்காலத்தில் இறந்தவர்களை, நிலம் இளகிக் குழி தோண்ட முடியும்வரை அந்த மதிலின் இடைவெளியில் வைத்திருந்தார்கள்.

மாலையில் யோய்க் என்ற சாமிப் பாட்டைக் கேட்கலாம். லூலே சாமியில் அதற்கு வேறு பெயர். பெரும்பாலும் சொல் குறைவாக, சில சமயம் சொல்லே இல்லாமல், திரும்பத் திரும்ப வரும் ஒரு மெட்டு. ஒருவரைப் பற்றிப் பாடுவது யோய்க் அல்ல, அவரையே பாடுவது என்பார்கள். குழந்தைக்கும், மலைக்கும், ஒரு மானுக்கும் தனித்தனி யோய்க் உண்டு. தொடக்கமும் முடிவும் தெளிவாக இராது. தொடங்கியவர் நிறுத்தும்போது நிற்கும். பாதிரிமார் இதைப் பேயின் பாட்டு என்றார்கள். பள்ளியில் பாட விடவில்லை. 1968இல் சாமிக் கலைஞர் நில்ஸ் அஸ்லாக் வல்கேயாப்பா இசைத்தட்டாக வெளியிட்ட பிறகுதான் இளைஞர்கள் வெட்கமின்றி மேடையேறிப் பாடத் தொடங்கினார்கள். 1994இல் லில்லஹாமர் குளிர்கால ஒலிம்பிக் தொடக்க விழாவில் அவருடைய யோய்க் உலகெங்கும் ஒலித்தது.

அங்கிருந்து இன்றைய ஓவியம், தையல், நிறுவுகலை வரை கோடு அறுபடாமல் வருகிறது. பிரித்தா மரக்கத் லப்பா 24 மீட்டர் நீள லினன் துணியில் சாமி மக்களின் வரலாற்றை ஊசியால் தைத்தார். 2017இல் ஜெர்மனியின் காசெல் டாக்குமெண்டா கண்காட்சியில் அது வைக்கப்பட்டது. 2022இல் வெனிஸ் பியன்னாலேயில் நார்டிக் அரங்கு முதன்முறையாக சாமி அரங்கு என்ற பெயரில், மூன்று சாமி கலைஞர்களுக்கு ஒதுக்கப்பட்டது. அவர்களில் ஒருவர் சுவீடனைச் சேர்ந்த ஆண்டர்ஸ் சுன்னா. தம் குடும்பத்தின் மேய்ச்சல் உரிமைக்காகப் பல பத்தாண்டுகள் நடந்த வழக்குகளே அவருடைய ஓவியங்களின் பொருள்.

கலையும் நிலமும் இங்கே தனித்தனி விஷயங்கள் அல்ல. மான் இல்லையென்றால் கொம்பில்லை, தோலில்லை, தசைநார் இல்லை, துவோஜியே இல்லை. சுவீடனில் சுமார் இரண்டரை லட்சம் மான்கள் உள்ளன. ஒவ்வொரு மானின் காதிலும் உடைமையாளரின் வெட்டுக்குறி இருக்கும். ஒருவரிடம் உங்களுக்கு எத்தனை மான் என்று கேட்பது, வங்கியில் எவ்வளவு வைத்திருக்கிறீர்கள் என்று கேட்பதற்குச் சமமான அநாகரிகம். அந்த மான்களின் மேய்ச்சல் வழியை லூலே ஆற்று அணைகள் மூழ்கடித்தன, காடுவெட்டு துண்டாக்கியது. யொக்மொக் அருகே கால்லொக் என்னுமிடத்தில் இரும்புச் சுரங்கம் தோண்ட 2022 மார்ச்சில் சுவீடன் அரசு அனுமதி தந்தது. அதற்கு முந்திய மாதம் சூழலியல் போராளி கிரேத்தா துன்பெரி யொக்மொக்குக்கு வந்து எதிர்ப்பாளர்களோடு நின்றார். மறுபக்கம், வேலையில்லாமல் இளைஞர் வெளியேறும் ஊருக்குச் சுரங்கம் வேண்டும் என்போரும் ஊரிலேயே உள்ளனர்.

அதைவிடப் பெரிய கவலை வானிலை. நடுக்குளிரில் பெய்ய வேண்டிய பனிக்குப் பதில் மழை பெய்து, மறுநாள் உறைந்தால், தரைப்பாசியின்மேல் கண்ணாடி போல் பனிக்கட்டி மூடிவிடும். மானின் குளம்பால் அதை உடைக்க முடியாது. மூக்கால் கீழே உள்ள பாசியை முகரவும் முடியாது. வடக்குச் சாமி மொழியில் இந்தத் தரைக்கட்டிக்கு சுவொக்கி என்று பெயர். அதனால் மந்தை பட்டினி கிடக்கும் கெட்ட குளிர்காலத்துக்கு கோவ்வி என்று வேறொரு சொல். பாட்டன் காலத்தில் எப்போதாவது வந்த இந்த ஆண்டுகள் இப்போது அடிக்கடி வருகின்றன. மேய்ப்பர்கள் தீவன மூட்டை வாங்கி, பனிவண்டியில் ஏற்றிக் காட்டுக்குக் கொண்டுபோய்க் கொட்டுகிறார்கள்; செலவு கூடுகிறது, மேய்ந்து பழக வேண்டிய மானுக்கு அந்தப் பழக்கம் குறைகிறது. சந்தைக்கு வரும் குடும்பங்கள் காப்பிக் கோப்பையைக் கையில் பிடித்துக்கொண்டு முதலில் விசாரித்துக்கொள்வது, ஒருவர் பள்ளத்தாக்கில் இந்த ஆண்டு பனிக்கு அடியில் தரை எப்படியிருக்கிறது என்பதைத்தான்.